அப்பா எடுத்த தடை, மகன் எடுத்த தடை

இரண்டு வாரமாக டிசைன், எழுதும் கருவிகள், போன் பழக்கம் என்று கண்டதையும் மேய்ந்துகொண்டிருந்தேன். (வேலை நேரத்தில்தான், வேறெப்போது.) பாதிக்கு மேல் பழைய அறிவுரை: எழுந்ததும் போனைத் தொடாதே, நோட்டிஃபிகேஷனை அணை. சரி, தெரிந்ததுதான். ஆனால் ஒரு அப்பா, மகன் கதை மட்டும் மண்டையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

மகனை முதலில் சொல்லிவிடுகிறேன். இதோ இந்தப் பேஸ்புக், தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறதே, அந்த முடிவில்லாத ஸ்க்ரோலை 2006-ல் வடிவமைத்தவர் ஏசா ரஸ்கின். அதற்கு முன்பெல்லாம் பக்கத்தின் அடியில் 1, 2, 3, 'அடுத்து' என்று இருக்கும். அதை அழுத்தினால்தான் மேற்கொண்டு வரும். அழுத்தப் போகிற அந்த அரை நொடியில் 'போதும்பா' என்று எழுந்தும் போய்விடலாம். அந்த அரை நொடியைத்தான் அவர் எடுத்துவிட்டார். பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டு வெளிப்படையாகவே பேசினார்.

அப்பா ஜெஃப் ரஸ்கின். ஆப்பிளில் மேக்கின்டாஷ் திட்டத்தை 1979-ல் ஆரம்பித்தவர். தனக்குப் பிடித்த ஒரு ஆப்பிள் பழ ரகத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்தார், எழுத்தை மட்டும் கொஞ்சம் மாற்றி. ஸ்டீவ் ஜாப்ஸ் அந்தத் திட்டத்துக்குள் வந்த பிறகு இருவருக்கும் ஒத்துவரவில்லை, ரஸ்கின் வெளியேறிவிட்டார். அவர் மனதில் இருந்த கணினியை ஏறக்குறைய ஒத்த ஒன்று 1987-ல் வெளிவந்தது. பெயர் கேனன் கேட் (Canon Cat). எழுதுவதற்கென்றே செய்த இயந்திரம்.

அதில் மவுஸ் கிடையாது, ஐகான் கிடையாது, ஃபைலுக்குப் பெயர் வைக்கிற வேலையும் கிடையாது. எழுதியதெல்லாம் ஒரே நீளமாகக் கிடக்கும். ஸ்பேஸ் பாருக்குக் கீழே 'லீப்' என்று இரண்டு விசைகள், ஒன்று முன்னால் தாவ, மற்றது பின்னால் தாவ. விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தேடுகிற சொல்லின் முதல் சில எழுத்துகளைத் தட்டினால் போதும், கர்சர் அங்கே போய் நிற்கும். நேற்று அணைத்துவிட்டுப் போன இயந்திரத்தை இன்று போட்டால், விட்டுப்போன திரை முதலில் வந்துவிடும். மற்றதெல்லாம் பின்னால் மெதுவாக ஏறும். அதற்குள் நேற்றைய வரியைப் படித்து, விட்ட இடத்தில் நினைப்பைப் பிடித்துக்கொள்ளலாம். இவ்வளவும் செய்து என்ன பயன், சில மாதங்களிலேயே விற்பனையை நிறுத்திவிட்டார்கள்.

இதைப் படித்த அன்றுதான் எனக்கு ஒன்று நடந்தது. நல்ல வரி ஒன்று தோன்றியது. குறிப்பெழுதும் ஆப்பைத் திறந்தேன். 'புதிய வசதிகள் வந்திருக்கின்றன' என்றது. மூடினேன். எந்த டெம்ப்ளேட் வேண்டும் என்று கேட்டது. வெற்றுப் பக்கம் என்றேன். தலைப்பு கேட்டது. பிறகு, நானே எழுதித் தரட்டுமா என்றும் கேட்டது. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்துப் பார்த்தால் என் வரியைக் காணோம். இன்றுவரை வரவில்லை.

யோசித்துப் பார்த்தால் அப்பாவும் மகனும் செய்தது ஒரே வேலை. ஆளைக் காக்கவைக்காதே, தேவையில்லாமல் எதையும் அழுத்தச் சொல்லாதே. அப்பா கையில் அது வரமாக இருந்தது, மகன் கையில் வினையாகிவிட்டது. எழுத உட்கார்ந்தவனுக்குப் போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறது, அவன் வழியில் கிடக்கும் கல்லை எடுத்துப் போட்டால் புண்ணியம். ஸ்க்ரோல் செய்கிறவனுக்கு அப்படி ஓர் இடமே இல்லை. அவன் வழியில் இருந்த ஒரே வேகத்தடை அந்த 'அடுத்து' பொத்தான்தான். என் ஆப்பைப் பாருங்கள், எழுதும் இடத்தில் வரிசையாகத் தடை வைத்திருக்கிறது. தள்ளித் தள்ளிப் படிக்கிற பேஸ்புக்கிலோ மருந்துக்குக்கூட ஒன்று இல்லை.

அதனால்தான் 'உனக்குக் கட்டுப்பாடு போதாது' என்கிற அறிவுரையைக் கேட்டால் எரிச்சல் வருகிறது. வண்டியைச் செய்தவனே பிரேக்கைக் கழற்றிவிட்டு, ஓட்டுகிறவனைத் திட்டுவது என்ன நியாயம்?

சரி, நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். குறிப்புகளை வெறும் டெக்ஸ்ட் ஃபைலுக்கு மாற்றிவிட்டேன். ஜான் க்ரூபர் 2004-ல் வெளியிட்ட மார்க்டவுன் முறை அதற்குப் போதும்: தலைப்புக்கு முன்னால் ஒரு # குறி, அழுத்திச் சொல்ல இரண்டு பக்கமும் நட்சத்திரம். எந்தக் கணினியிலும் திறக்கும், ஒரு கேள்வியும் கேட்காது.

அப்புறம் போனைக் கறுப்புவெள்ளை ஆக்கினேன். ஐபோனில் ஆக்ஸஸிபிலிட்டிக்குள் கலர் ஃபில்டர்ஸ் என்று இருக்கிறது. முதல் நாள் போன் செத்த மாதிரி இருந்தது. ஐகான்களின் ஓரத்தில் 'என்னைப் பார், என்னைப் பார்' என்று கத்திக்கொண்டிருந்த சிவப்பு வட்டங்கள் சாம்பல் பொட்டாகிவிட்டன. ரீல்ஸ் பத்து பார்த்ததும் சலித்தது, நம்புங்கள். இடைஞ்சலும் உண்டு. மேப்பில் நெரிசலைக் காட்டும் சிவப்புக் கோடும் காலி ரோட்டின் பச்சைக் கோடும் ஒரே மாதிரி தெரிந்து, நெரிசலுக்குள் நேராகப் போய் நின்றேன். இப்போது பக்கவாட்டுப் பொத்தானை மூன்று முறை அழுத்தினால் நிறம் வரும்படி வைத்திருக்கிறேன். அந்த மூன்று அழுத்தம் எனக்கு நானே வைத்துக்கொண்ட 'அடுத்து' பொத்தான்.

இங்கே யாராவது கேனன் கேட்டை நேரில் தொட்டுத் தட்டியிருக்கிறீர்களா? அந்த லீப் விசை நிஜமாகவே அவ்வளவு வேகமா?