உடம்பும் என்னோடுதான் படுத்துக் கிடந்தது

எட்டு மாதம் நான் விளக்கைப் போடாமல்தான் குளித்தேன்.

குளியலறைக் கதவுக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அது வழியாக வரும் வெளிச்சம் போதும். சோப்பு எங்கே, துண்டு எங்கே என்பதெல்லாம் கைக்கே தெரியும். குளித்து முடித்ததும் நிலைக்கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உடை மாற்றுவேன். "எதுக்கு இருட்டுல குளிக்கிற?" என்று தங்கை ஒருநாள் கேட்டாள். கண் கூசுது என்றேன். நம்பிவிட்டாள்.

அந்த எட்டு மாதமும் நான் நோயாளி இல்லை என்பதுதான் இதில் முக்கியம். தேறிவிட்டவள். வேலைக்குத் திரும்பியாயிற்று. இரவில் தூக்கம் வந்தது. காலையில் கண் விழித்தால் நெஞ்சின் மேல் பாறாங்கல் இல்லை. "இப்பதான் பழைய மாதிரி இருக்க" என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் டிப்ரஷனில் கிடந்த ஒன்றரை வருடத்தில் பதினெட்டு கிலோ கூடியிருந்தது. முடி பாதிக்குப் பாதி கொட்டியிருந்தது. வயிற்றிலும் தொடையிலும் தோல் கோடு கோடாக விரிந்திருந்தது. மனசு மேடேறி வந்துவிட்டது, உடம்பை யார் மேடேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லித் தரவும் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

ஒரு சொல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். டிப்ரஷனை நாம் எல்லோரும் மன அழுத்தம் என்கிறோம். எனக்கு அந்தச் சொல் ஒட்டவே இல்லை. வேலை நெருக்கினால் வருவது அழுத்தம். எனக்கு வந்தது சோர்வு. கையைத் தூக்கித் தலை வாருவதற்குள் மூச்சு வாங்கிய சோர்வு. அதனால் மனச்சோர்வு என்றே எழுதுகிறேன், அதிலும் 'மன' என்ற முன்பாதி பாதி உண்மைதான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஏன் என்றால், மருத்துவரிடம் போன முதல் நாள் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் இவை உங்களை எத்தனை நாள் தொந்தரவு செய்தன என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். பிஎச்க்யூ-9 என்று அதற்குப் பெயர், உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். அன்றைக்கு எதையும் யோசிக்காமல் நிரப்பிக் கொடுத்தேன். ரொம்ப நாள் கழித்து அதை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன். தூக்கம் குறைவது அல்லது அதிகமாவது. களைப்பு. பசியே இல்லாமை அல்லது அளவுக்கு மீறிச் சாப்பிடுவது. மற்றவர்கள் கவனிக்கும் அளவுக்கு நடையும் பேச்சும் மந்தமாவது, இல்லாவிட்டால் இருப்புக் கொள்ளாமல் அலைவது. ஒன்பதில் நான்கு உடம்பைப் பற்றியவை!

அப்படியானால் நோய் வந்தது என் மனதுக்கு மட்டும் இல்லை. உடம்புக்கும்தான் வந்திருக்கிறது. நான் படுத்துக் கிடந்தபோது அதுவும் என்னோடு சேர்ந்துதான் படுத்துக் கிடந்திருக்கிறது. நானோ எழுந்து உட்கார்ந்தவுடன் முதல் வேலையாக அதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினேன். ஏன் இப்படிப் பருத்தாய், ஏன் இப்படித் தொங்குகிறாய், உன்னால்தான் நான் வெளியே தலைகாட்ட முடியவில்லை என்று. கூடவே காய்ச்சலில் கிடந்த ஆளைப் பிடித்து, ஏன் வியர்த்தாய் என்று கேட்பது போல.

இன்னொன்றையும் நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் 1961-ல் மனச்சோர்வை அளக்க 21 பகுதிகள் கொண்ட ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார். அதில் ஒரு பகுதி முழுக்கத் தோற்றத்தைப் பற்றியது. முன்பைவிட மோசமாகத் தெரிகிறேன் என்ற கவலையில் தொடங்கி, நான் அசிங்கமாக இருக்கிறேன் என்ற நம்பிக்கை வரை படிப்படியாகப் போகும். அதைப் படித்த அன்று நான் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி சொன்ன உண்மை என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தது, நோயின் அறிகுறிப் பட்டியலில் இருந்த ஒரு வரி. 1996-ல் அந்தக் கேள்வித்தாளைத் திருத்தியபோது இந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். அவர்களுக்குக் காரணங்கள் இருந்திருக்கும். ஆனால் என்னிடம் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், விளக்கைப் போடாமல் குளிக்கிறேன் என்பதை எட்டு மாதம் முன்னாலேயே சொல்லியிருப்பேன்.

சரி, கண்ணாடியை விடுங்கள். மனிதர்களுக்கு வருகிறேன்.

"என்ன, இவ்வளவு வெயிட் போட்டுட்ட?" இதைக் கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. என்னைப் பார்த்ததில் அவர்களுக்கு உண்மையிலேயே சந்தோஷம். பேச்சைத் தொடங்க வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த நான்கு சொற்களைத் தாண்டி வீட்டை விட்டு இறங்க எனக்கு அப்போது எத்தனை நாள் பிடித்தது என்று அவர்களுக்குத் தெரியாது. யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தில் கேட்டுவிட்டுப் போவார், நான் அடுத்த இரண்டு அழைப்புகளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவேன்.

இதன் மறுபக்கம் இன்னும் கொடுமை. என் தோழி ஒருத்திக்கு மனச்சோர்வு வந்தபோது பசியே போய்விட்டது. மூன்று மாதத்தில் உருகிப் போனாள். அலுவலகத்தில் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டு, "செம்மையா ஸ்லிம் ஆயிட்ட, என்ன டயட்?" என்று கேட்டார்களாம். சாகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பெண்ணிடம்! அவள் சொன்ன ஒரு வரி எனக்கு மறக்கவே மறக்காது: "நல்லாயிட்டா திரும்ப குண்டாயிடுவேனோன்னு பயமா இருந்துச்சுடி." ஒரே நோய். அவளைப் பாராட்டினார்கள், என்னைக் கண்டித்தார்கள். இரண்டு பேரையும் யாரும் பார்க்கவில்லை.

அதனால் இந்த விஷயத்தில் என் கருத்து கறாரானது. இன்னொருவர் உடம்பு கூடியதையோ குறைந்ததையோ பேச்சின் தொடக்கமாக வைக்காதீர்கள். பாராட்டாகக்கூட வேண்டாம். எப்படி இருக்கீங்க என்று கேளுங்கள், பதில் வரும்வரை நில்லுங்கள்.

நானும் தப்புகள் செய்தேன். சிகிச்சையின் நடுவில் செய்ததுதான் பெரிய தப்பு. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில பசியைக் கூட்டும், எடையைக் கூட்டும். எல்லா மாத்திரையும் அப்படி இல்லை, எல்லோருக்கும் அப்படி ஆவதும் இல்லை. எனக்கு ஆயிற்று. யாரிடமும் சொல்லாமல் ஒருநாள் நானே நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் தலை சுற்றியது, குமட்டியது, தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி வெட்டி வெட்டி இழுத்தது. அடுத்த சில வாரங்களில் அந்தப் பாறாங்கல் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. மறுபடி மருத்துவர் முன்னால் போய் அழுதேன். அந்த அம்மா திட்டவில்லை. "எடை ஏறுதுன்னு முதல் மாசமே எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா. இதுக்கு வேற மாத்திரை இருக்கு" என்றார். அவ்வளவு எளிது. அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மாற்றித் தந்தார். எடை ஏறுவதைப் பற்றிப் பேசினால் அற்பமாக நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம் என்னை மாதக்கணக்கில் பின்னுக்கு இழுத்துவிட்டது. உங்களுக்கும் அப்படி இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தேறிய பிறகு செய்த தப்பு பட்டினி. உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் பிஎம்ஐ கணக்கைப் போட்டுப் பார்த்து, வந்த எண்ணைப் பார்த்து மிரண்டு, சாப்பாட்டைப் பாதியாக வெட்டினேன். பத்தே நாளில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன். தூக்கம் கெட்டது. அழுகை வந்தது. நோய் திரும்புகிறது என்று நடுங்கிப் போனேன். பிறகு படித்துத் தெரிந்துகொண்டது இது. 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப் பட்டினியில் வைத்துப் பார்த்தார். மனநலமும் சோதித்துத் தேர்ந்தெடுத்த ஆட்கள் அவர்கள். அவர்களே சோர்ந்தார்கள், எரிச்சலானார்கள், மற்றவர்களிடமிருந்து ஒதுங்கினார்கள், எந்நேரமும் சாப்பாட்டையே நினைத்தார்கள். நல்ல மனதையே பட்டினி அந்தப் பாடு படுத்தும் என்றால், அப்போதுதான் ஆறிக்கொண்டிருந்த என் மனது என்ன ஆகும்? இதே கீஸ்தான் 1972-ல் பிஎம்ஐ என்ற பெயரை வைத்தவர். கணக்கு இன்னும் பழசு. 1830-களில் அடோல்ஃப் கெட்லே என்ற பெல்ஜியக் கணித, வானியல் அறிஞர் மக்கள்தொகையின் சராசரியை ஆராய்ந்தபோது பிறந்தது அது. ஊர் மொத்தத்துக்கும் சராசரி பார்க்க வந்த கணக்கை, நான் ஒருத்தி என் மேல் தீர்ப்பாக எழுதிக்கொண்டேன்.

எடை என்பது பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு எல்லாவற்றையும் மருத்துவரிடம் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் எடை குறைந்தால்தான் வெளியே வருவேன், பேசுவேன், படம் எடுத்துக்கொள்வேன் என்று வாழ்க்கையைத் தள்ளி வைத்தேனே, அதைத்தான் தப்பு என்கிறேன். தன்னம்பிக்கை உடம்பு இளைத்த பிறகு வரும் பரிசு என்று நினைத்துக் காத்திருந்தேன். அது அந்த வழியாக வரவில்லை.

கால் வழியாக வந்தது.

ஒருநாள் மாலை செருப்பைக் கழற்றும்போது குதிகாலில் சுருக்கென்று வலித்தது. பித்தவெடிப்பு. ஆழமாக வெடித்து, ஒன்றில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. நகங்கள் வளர்ந்து ஓரத்தில் அழுக்கு. எத்தனை மாதமாக என் காலை நான் பார்க்கவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நகம் வெட்ட வெளிச்சம் வேண்டும், எழுந்து விளக்கைப் போட்டேன். குனிந்தால் வயிறு இடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக வெட்டினேன். துடைத்து, வெடிப்பில் களிம்பை விரலால் அழுத்தித் தடவும்போது எரிந்தது, கூடவே சுகமாகவும் இருந்தது. படுக்கையை விட்டு எழவே முடியாத நாட்களிலும் என்னைக் கழிவறைக்கும் தண்ணீர்ப் பானைக்கும் மருத்துவரிடமும் கொண்டுபோய்ச் சேர்த்த கால்கள் இவைதான். ஒரு வார்த்தை குறை சொல்லாமல். நான்தான் இவற்றை வெடிக்க விட்டிருந்தேன். அன்றைக்கு நன்றாக அழுதேன், ஆனால் அது பழைய அழுகை இல்லை.

மறுநாளும் களிம்பு தடவினேன். அதற்கடுத்த நாளும். பிறகு முழங்கை, பிறகு கழுத்து. கண்ணாடியில் பார்க்க முடியாத உடம்பைக் கையால் தொட முடிந்தது. உன் உடம்பை நேசி என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்களே, அந்த வார்த்தை எனக்கு அப்போது எட்டாத உயரத்தில் இருந்தது. நேற்றுவரை வெறுத்ததை இன்று நேசி என்றால் எப்படி? நேசிக்கத் தோன்றாவிட்டாலும் மருந்து போடலாம், குளிப்பாட்டலாம், நேரத்துக்குச் சாப்பாடு போடலாம். வீட்டில் படுத்திருக்கும் ஒருவருக்கு, அவர் மீது பிரியம் வந்த பிறகா நாம் தண்ணீர் கொடுக்கிறோம்?

மனச்சோர்வுக்கு இப்படி ஒரு சிகிச்சை முறையே இருப்பதாக ஆலோசகர் பிறகு சொன்னார். பீட்டர் லெவின்சன் என்ற உளவியலாளர் போன்றவர்கள் 1970-களில் வளர்த்தெடுத்தது. தோன்றினால் செய்வேன் என்று காத்திராமல், சின்னதாக ஒன்றைச் செய்துவிடு, தோன்றுவது பின்னால் வரும் என்பதுதான் அதன் சாரம். நான் எனக்குக் கொடுத்த வாக்கு எதையும் இரண்டு வருடமாகக் காப்பாற்றியதில்லை. களிம்பு தடவுவது என்ற வாக்கைக் காப்பாற்றினேன். பத்து நிமிடம் நடப்பது, அதையும் காப்பாற்றினேன், இளைப்பதற்காக இல்லாமல் வெயில் படுவதற்காக. கூட்டத்தில் ஒரு கேள்வியாவது கேட்பது, அதற்கு ஐந்து வாரம் ஆயிற்று. கேட்டபோது குரல் நடுங்கியது. யாரும் என் வயிற்றைப் பார்க்கவில்லை, கேள்விக்குத்தான் பதில் சொன்னார்கள்.

அலமாரியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. இளைத்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று பழைய உடைகளை எல்லாம் கண் மட்டத்தில் அடுக்கி வைத்திருந்தேன். தினமும் கதவைத் திறந்தால் அவை என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். அணிந்துகொள்ள இருந்தது இரண்டே தொளதொள சட்டைகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய உடைகளை மடித்துப் பைகளில் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஒவ்வொன்றையும் மடிக்கும்போது அதைப் போட்டிருந்த பெண் நினைவுக்கு வந்தாள். நல்லவள். ஆனால் அவளுக்கு இந்த ஒன்றரை வருடத்தைத் தெரியாது. இரண்டு அளவு பெரிதாக, எனக்குப் பிடித்த கரும்பச்சையில் ஒரு சட்டை வாங்கினேன். பட்டன் போட்டுவிட்டு மூச்சை இழுத்து விட்டேன். எங்கேயும் பிடிக்கவில்லை. அப்படி ஒரு மூச்சை நான் விட்டு எத்தனை நாளாயிற்று!

இப்போதும் சில நாள் கண்ணாடியைத் தாண்டும்போது பழைய குரல் கேட்கிறது. கேட்டால், நேற்று இரவு தூங்கினேனா, சாப்பிட்டேனா என்று முதலில் பார்க்கிறேன். இரண்டு வாரம் தொடர்ந்து கேட்டால் மருத்துவரை அழைப்பது என்று எனக்கும் தங்கைக்கும் ஒப்பந்தம். விளக்கு விஷயத்தையும் அவளிடம் சொல்லிவிட்டேன். "கண் கூசுதுன்னு சொன்னியேக்கா" என்று அழுதாள்.

என் போனில் நோய் வந்ததிலிருந்து இரண்டரை வருடத்துப் படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எதிலும் நான் இல்லை. "நான் எடுக்கிறேன், நீங்க நில்லுங்க" என்று போனை வாங்கிக்கொள்வது என் வழக்கம். போன மாதம் உறவினர்கள் கூடிய இடத்திலும் அப்படித்தான் கையை நீட்டினேன். தங்கை மகள் போனை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டு, "பெரியம்மா, நீங்களும் வாங்க" என்று இழுத்தாள். போனேன். யாருக்கும் பின்னால் ஒளியவில்லை, பக்கவாட்டில் திரும்பவில்லை. பச்சைச் சட்டை. இரவு படத்தைத் திறந்தபோது கண் முதலில் போனது என் மேல்கைச் சதைக்குத்தான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மற்றவர்கள் முகங்களைப் பார்த்தேன், பிறகு என் முகத்தை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது, ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அதைக் குடும்பக் குழுவில் எல்லோருக்கும் நானே அனுப்பினேன்.