"எனக்கு ஒண்ணும் இல்ல மேம்"

போன வாரம் எங்கள் கல்லூரியில் ரத்ததான முகாம். ஆசையாகப் பெயர் கொடுத்த மாணவிகளில் பாதிக்குப் பாதி பேர் கொடுக்க முடியாமல் திரும்பினார்கள். ரத்தம் கொடுக்க குறைந்தது 45 கிலோ எடை வேண்டும், ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்கவேண்டும். விரல் நுனியில் குத்தி எடுத்த சொட்டை மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் விடுவார்கள். மூழ்கினால் சரி. மிதந்தால் ஹீமோகுளோபின் குறைவு, எடுக்க மாட்டார்கள்.

இரண்டாமாண்டு மாணவி ஒருத்தியின் சொட்டு மிதந்தது. "எனக்கு ஒண்ணும் இல்ல மேம், நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். குரல் உடைந்துவிட்டது. ஓரமாக உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தேன். மாடி ஏறினால் மூச்சு வாங்குமாம். முதல் வகுப்பில் கண் இருட்டிக்கொண்டு வருமாம். மாதவிடாய் ஏழெட்டு நாள் நிற்காதாம். ஆறரை மணி பஸ்ஸைப் பிடிக்க வெறும் டீயோடு கிளம்புகிறாள். "இதெல்லாம் எல்லாருக்கும் வர்றதுதானே மேம்? எங்கம்மாவுக்கும் இப்படித்தான்."

அந்த "எல்லாருக்கும்" மனதை விட்டுப் போகவே இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கும் மூச்சு வாங்குகிறது, வீட்டில் அம்மாவுக்கும் வாங்குகிறது. பிறகு எதோடு ஒப்பிட்டு இவள் தனக்குக் குறை இருப்பதாக நினைப்பாள்? நம் பேச்சிலேயே "உடம்பு சரியில்ல" என்றால் காய்ச்சல், வாந்தி, படுக்கை. நடமாடுகிறவரை நன்றாக இருப்பதாகத்தான் கணக்கு. பையன்களும் இப்படித்தான், இரவு இரண்டு மணிவரை விழித்திருந்துவிட்டு வகுப்பில் தலை சாய்கிறவன், ஜிம்முக்குப் போவதால் தான் ஆரோக்கியமானவன் என்று நம்புகிறான்.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க ஒழுங்கா சாப்பிடறதில்ல" என்று அலுத்துக்கொள்ளும் சக ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆறரை மணி பஸ்ஸை அவள் வைக்கவில்லை. உதிரப்போக்கு அதிகமானால் டாக்டரிடம் சொல்லலாம் என்று அவளிடம் யாரும் சொன்னதும் இல்லை. "கீரை சாப்பிடும்மா" என்று அனுப்பிவைத்தால் போதுமா?

தவறு என்னிடமும் இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பில் இருக்கும் நான், எத்தனை யூனிட் சேர்ந்தது என்றுதான் வருடாவருடம் அறிக்கையில் பெருமையாக எழுதினேன். திரும்பிப்போனவர்களை ஒருமுறைகூட எண்ணியதில்லை.

இந்த முறை அவர்களிடம் கேட்டுவிட்டு, பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். சம்மதித்த நான்கு பேரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். பரிசோதனையும் இரும்புச்சத்து மாத்திரையும் அங்கே இலவசம். மாத்திரையை டீயோடு போடக்கூடாது என்று நர்ஸ் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கேட்டாள்: "எங்கம்மாவையும் கூட்டிட்டு வரலாமா சிஸ்டர்?"

மற்ற கல்லூரிகளில் முகாம் நடத்தும் நண்பர்களே, திரும்பிப்போகிறவர்களுக்கென்று நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். என்னென்ன கேட்டு எழுதினேன் என்று தெரியவேண்டுமானால் இன்பாக்ஸில் வாருங்கள், அனுப்புகிறேன்.