ஒரு ஃபீல்டிங் பொசிஷனுக்கு இத்தனை வசவா?

அந்த எட்டு செகண்ட் கிளிப்பை இதற்கு மேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். ஒரு கிரிக்கெட் மேட்சில், பேக்வர்ட் பாயிண்ட் என்ற இடத்தில் நின்ற ஃபீல்டரை, கவரில் நிற்பதாக ஒரு பெண் வர்ணனையாளர் சொல்லிவிட்டார். இரண்டுமே மைதானத்தின் ஒரே பாதியில், ஆஃப் சைடில் இருக்கும் இடங்கள்தான். அடுத்த பந்துக்குள் அவரே திருத்திக்கொண்டார். திருத்திய இடத்தை வெட்டிவிட்டுத்தான் கிளிப் சுற்றுகிறது.

கமென்ட்டுகளில் பேக்வர்ட் பாயிண்டைப் பற்றிப் பேசியவர்களைத் தேடினேன். விரல்விட்டு எண்ணிவிடலாம். மீதி எல்லாம் அவர் உடை, அவர் குரல், யார் சிபாரிசில் வந்தார், அடுப்படிக்குப் போ. அதே மேட்சில் ஒரு ஆண் வர்ணனையாளர் பேட்ஸ்மேனின் பெயரையே ஒரு ஓவர் முழுக்க மாற்றிச் சொன்னார். ஆண்களுக்கு எதற்கு கிரிக்கெட் என்று யாராவது எழுதினீர்களா?

நான் சொல்ல வருவது இதைத்தான். ஆண் தவறினால் அந்த ஒரு ஆள் தவறினார். பெண் தவறினால் பெண்களே தவறிவிட்டார்கள்.

பல வருடங்களுக்கு முன் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பிரிவில் சேர்ந்தேன். முதல் நாளே மூத்தவர் ஒருவர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "1983 ஃபைனல்ல மேன் ஆஃப் த மேட்ச் யாரும்மா?" மொஹிந்தர் அமர்நாத் என்றேன். 26 ரன், அப்புறம் 12 ரன் கொடுத்து 3 விக்கெட் என்பதையும் சேர்த்தே சொன்னேன். "பரவாயில்லையே, நல்லா மனப்பாடம் பண்ணியிருக்கே" என்றார். அன்றைக்கே சேர்ந்த பையனிடம் ஒரு கேள்வியும் இல்லை. அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று அவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள். அவனுக்குத் தெரியாது. மதியம் என்னிடம்தான் வந்து கேட்டான்.

நாலு வருடம் அங்கே இருந்தேன். அந்த நுழைவுத் தேர்வு முடியவே இல்லை. ஒரு ஸ்கோரை மூன்று முறை சரிபார்ப்பேன். கேப்டன் எடுத்த முடிவு தவறு என்று தோன்றினாலும் எழுத மாட்டேன். எழுதினால் "உனக்கு என்ன தெரியும்" என்று வரும். வீரர்களின் மனைவிகளைப் பேட்டி எடுக்க மட்டும் என்னைத் தேடி வருவார்கள்.

தவறைச் சொல்லவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். பேக்வர்ட் பாயிண்ட் எது, கவர் எது என்று எழுதுங்கள், நானே ஷேர் செய்கிறேன். அதற்கு அவர் உடை எதற்கு?

விளையாடாதவர்கள் ஏன் பேச வேண்டும் என்று ஒருவர் பெரிய பத்தியே எழுதியிருக்கிறார். வர்ணனையாளர் ஹர்ஷா போக்ளே ஒரு சர்வதேசப் போட்டிகூட ஆடியதில்லை. அவர் பேச்சை நாம் எல்லாரும் ரசித்துத்தான் கேட்கிறோம், நானும்தான். ஈசா குஹா 2009-ல் மகளிர் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணியில் ஆடியவர். அஞ்சும் சோப்ரா இந்திய அணிக்கே கேப்டனாக இருந்தவர். இவர்கள் மைக் பிடித்தாலும் அதே வசவு வருகிறதே! அப்படியென்றால் பிரச்சினை ஆடியதா ஆடாததா என்பது இல்லை.

முகத்துக்காகத்தான் வேலைக்கு எடுக்கிறார்கள் என்பது இன்னொரு வாதம். சில இடங்களில் அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அப்படி எடுத்தவரை விட்டுவிட்டு, வேலைக்கு வந்தவளை ஏன் அடிக்கிறீர்கள்?

1977-ல் மெலிசா லட்கே என்ற அமெரிக்க நிருபரை, பேஸ்பால் வேர்ல்டு சீரிஸின்போது வீரர்களின் அறைக்குள் விடவில்லை. ஆண் நிருபர்கள் உள்ளே பேட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வழக்குக்குப் போய் 1978-ல் ஜெயித்தார். பூட்டிய கதவுக்கு வழக்குப் போடலாம். சிரித்துக்கொண்டே அவமானப்படுத்தினால் என்ன செய்வது? 2016-ல் மெல் மெக்லாக்லின் என்ற தொகுப்பாளர் கிரிக்கெட் வீரர் கிறிஸ் கெயிலிடம் அவருடைய பேட்டிங்கைப் பற்றிக் கேட்டார். மைதானத்தில், நேரலையில். அந்தப் பெண்ணின் கண்ணழகைப் புகழ்ந்து, மது அருந்த அழைத்து, வெட்கப்படாதே என்றார் கெயில். கெயிலின் அணி அவருக்கு 10,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. அன்றும் ஜோக்கை ஜோக்காக எடுத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று ஒரு கூட்டம் சொன்னது. வேலை பார்க்க வந்த இடத்தில் அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்ததா என்று யாரும் கேட்கவில்லை.

ஆடும் பெண்களுக்கும் இதேதான். 2017-ல் மிதாலி ராஜிடம் உங்களுக்குப் பிடித்த ஆண் கிரிக்கெட்டர் யார் என்று கேட்டார்கள். ஆண்களிடம் பிடித்த வீராங்கனை யார் என்று கேட்பீர்களா என்று திருப்பிக் கேட்டார் அவர். அதைக் கைதட்டிப் பகிர்ந்தவர்களில் இரண்டு பேர் இந்த கிளிப்பையும் சிரித்துக்கொண்டே பகிர்ந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் என் நண்பர்கள். அதுதான் தூங்கவிடவில்லை.

இன்றைய மேட்சிலும் அந்த கிளிப்பில் இருந்த வர்ணனையாளர் பேசினார். முழுக்கக் கேட்டேன். பேக்வர்ட் பாயிண்ட் பக்கம் நாலைந்து பந்துகள் போயின. ஒருமுறைகூட இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. "ஆஃப் சைடில்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்.