மண்டி விலையையும் சேர்த்துப் போடுங்கள்

தக்காளி விலை ஏறினால் விவசாயிக்குக் கொண்டாட்டம் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். நான் பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன், சொந்த ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம் ராயக்கோட்டைப் பக்கம். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது அப்பாவிடம் விற்கக் காயே இல்லை. இலைச்சுருட்டை நோய் வந்து செடியைப் பிடுங்கிப் போட்டிருந்தார். நன்றாகக் காய்த்தால் விலை இருக்காது. வெங்காயம் மாதிரி பட்டறை போட்டு, அதாவது காற்றோட்டமாகக் குவித்து, விலை வரும்வரை வைக்கவும் முடியாது, பழுத்தது நாலு நாள் தாங்காது. போன முறை பறிகூலி, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் போக 40 பெட்டிக்குக் கையில் நின்றது 600 ரூபாய். மண்டிச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பேசாமல் பஸ் ஏறினார். அதே வாரம் இங்கே தள்ளுவண்டியில் கிலோ 20 ரூபாய். சில்லறை விலை எழுதும்போது அன்றைய மண்டி விலையையும் பக்கத்திலேயே போடுங்கள், ஐயா.