ஷரோன் ஜோன்ஸை வைத்துப் பொறுமைப் பாடம் எடுக்காதீர்கள்

இந்த வாரம் முழுக்க அந்த மொட்டைத் தலைப் படம் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. மறைந்த அமெரிக்க சோல் பாடகி ஷரோன் ஜோன்ஸின் படத்தைப் போட்டுச் சுற்றிவரும் பதிவைத்தான் சொல்கிறேன். சோல் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஒரு இசை வகை. "40 வயசுலதான் வாழ்க்கையே ஆரம்பிச்சுது, பொறுமையா இருந்தாங்க, ஜெயிச்சாங்க, திறமை இருந்தா காலம் தானா கதவைத் திறக்கும்" என்று அதன் கீழே ஒரு வாசகம். நான் போய் நாலு வரி எழுதினேன். "நல்லதைச் சொன்னாலும் குத்தம் கண்டுபிடிக்கிறீங்களே மேடம்" என்று பதில் வந்தது. அதற்கு எத்தனை பேர் இதயம் போட்டார்கள் என்றும் பார்த்தேன். பரவாயில்லை. கமென்ட்டில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஷரோன் ஜோன்ஸ் பொறுமையாகக் காத்திருந்து ஜெயித்தவர் அல்ல. அவரை வெளியே நிறுத்தி வைத்தார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுஷியின் 20 வருஷம் இருக்கிறது.

1956இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அகஸ்டா ஊரில் பிறந்தவர். சோல் இசையின் பெரிய நட்சத்திரம் ஜேம்ஸ் பிரவுன் வளர்ந்த அதே அகஸ்டா. பிறகு நியூயார்க்கின் புரூக்ளின். சின்ன வயதிலிருந்தே சர்ச்சில் பாடினார், வளர்ந்த பிறகு கல்யாண பேண்டுகளில் பாடினார், யார் யார் ரெக்கார்டிங்குக்கோ பின்குரல் கொடுத்தார். 40 வயது வரை சும்மா உட்கார்ந்திருந்து ஒரு நாள் திடீரென்று பாட ஆரம்பித்தவர் இல்லை. எப்போதும் பாடிக்கொண்டேதான் இருந்தார். கேட்க வேண்டியவர்கள்தான் கேட்கவில்லை.

கேட்காதது மட்டுமா? ஒரு ரெக்கார்டு கம்பெனி ஆள் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்: கறுப்பு அதிகம், குண்டு, குள்ளம், வயசும் தாண்டிப் போச்சு. தோலை வெளுக்க வைத்துக்கொள்ளச் சொன்னதாகவும் ஷரோனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் சொன்னதில் குரலைப் பற்றி ஏதாவது இருக்கிறதா, தேடிப் பாருங்கள். சுருதி சரியில்லை என்றோ தாளம் விலகுகிறது என்றோ ஒரு குறை இல்லை.

பாட்டு சோறு போடாததால் வேலைக்குப் போனார். நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலர். பணம் ஏற்றிப் போகும் கவச வண்டியில் துப்பாக்கியோடு பாதுகாப்பு வேலை. சிறையில் கைதிகள் பாடச் சொல்லிக் கேட்பார்களாம், இவரும் பாடுவாராம். உலகம் கொண்டாட வேண்டிய ஒரு குரலை அந்த வருஷங்களில் பூட்டிய அறைக்குள் இருந்தவர்கள்தான் கேட்டிருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு "எப்படிப்பட்ட போராட்டம், அருமை" என்று ஒருவரால் எப்படி எழுத முடிகிறது? எனக்கு வயிறு எரிகிறது.

1996இல் நடந்ததையாவது சரியாகச் சொல்லுங்கள். லீ ஃபீல்ட்ஸ் என்ற சோல் பாடகரின் ரெக்கார்டிங்குக்குப் பின்குரல் பாட மூன்று பெண்கள் தேவைப்பட்டார்கள். வந்தவர் ஷரோன் ஒருவர்தான். மூன்று பேர் பாட வேண்டிய பகுதிகளையும் அவரே ஒவ்வொன்றாகப் பாடிக் கொடுத்தார். அந்த ரெக்கார்டிங்கை நடத்திய கேப்ரியல் ராத் அசந்துபோய், ஒரு ஆணுக்காக வைத்திருந்த பாட்டை இவரையே பாட வைத்தார். அன்றைக்குக் காலம் ஒன்றும் கதவைத் திறக்கவில்லை. மூன்று பேர் வேலையை ஒருத்தியாகச் செய்து காட்டிய பிறகுதான் ஒரு சின்ன கம்பெனி, பெரிய பணமில்லாத கம்பெனி, அவரைத் திரும்பிப் பார்த்தது.

அந்த கம்பெனியும் மூடிப்போய், பிறகு ராத்தும் சாக்ஸபோன் வாசிக்கும் நீல் சுகர்மனும் டாப்டோன் ரெக்கார்ட்ஸ் என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். புரூக்ளினில் ஒரு பழைய வீட்டை பேண்டுக்காரர்களே இடித்துக் கட்டி ஸ்டூடியோ ஆக்கினார்கள். அதில் வயரிங் வேலையில் ஷரோனும் கை வைத்தார். டாப்-கிங்ஸ் பேண்டோடு அவருடைய முதல் முழு ஆல்பம் 2002இல் வந்தது. அப்போது அவருக்கு 46 வயது. 2016 நவம்பர் 18ஆம் தேதி போய்விட்டார், 60 வயது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 14 வருஷம். அதிலும் கடைசி மூன்று வருஷம் கான்சரோடு. "ஜெயித்தார்" என்று ஒரே வார்த்தையில் தாண்டிப் போகிறீர்களே, அவருக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

இங்கே என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும். என் அத்தை திருநெல்வேலிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தார். கோயில் கொடை, கல்யாண வீடு என்று ராத்திரி ராத்திரியாகக் கச்சேரி. மேல் ஸ்தாயியில் அத்தை குரல் நிற்கிற மாதிரி அந்தக் குழுவில் வேறு யாருக்கும் நிற்காது. ஆனால் மைக்குக்கு முன்னால் நிற்கிற பெண் வேறொருத்தி. "முன்னாடி நிக்க கொஞ்சம் நெறமா ஒரு பிள்ளை வேணும்லா, நீ பின்னாடி நின்னு எடுத்துக் குடு" என்று குழு நடத்தினவர் சொன்னாராம். அத்தை பின்னால் நின்று பாடினார். முன்னால் நின்றவருக்கு மாலை, பொன்னாடை. இவருக்கு பஸ் காசும் ஒரு பொட்டலம் இட்லியும். கல்யாணமான பிறகு அதுவும் நின்றுபோனது. இப்போதும் எங்கள் வீட்டு விசேஷங்களில் அடுப்படியில் நின்று பாடுவார், நாங்கள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்போம்.

அத்தையும் பொறுமையாகத்தான் இருந்தார். ரொம்பப் பொறுமை. எந்தக் காலம் வந்து எந்தக் கதவைத் திறந்தது?

"திறமை எப்படியும் வெளியே வந்தே தீரும்" என்பவர்களிடம் நான் கேட்பது இதைத்தான். வெளியே வராதவர்களின் பெயர் உங்களுக்கு எப்படித் தெரியும்? வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு "பார்த்தீர்களா, வந்துவிட்டார்கள்" என்கிறீர்கள். ஷரோனோடு அதே டாப்டோனில் இருந்த சார்லஸ் பிராட்லியைப் பாருங்கள். பல வருஷம் ஜேம்ஸ் பிரவுன் வேஷம் கட்டிப் பாடிப் பிழைத்தவர். 2011இல் முதல் ஆல்பம் வந்தபோது அவருக்கு 62 வயது. 2017இல் அவரும் போய்விட்டார். ஒரு சின்ன கம்பெனி ஒரே ஊரில் தேடினதற்கே இப்படி இரண்டு பேர் கிடைத்தார்கள் என்றால், தேடாத ஊர்களில் எத்தனை பேர்? இதை நினைத்தால் உங்களுக்கு உற்சாகம் வருகிறதா? எனக்குப் பயமாக இருக்கிறது.

சரி, இன்னொரு நண்பர் எழுதியிருந்தார்: "ஏமி வைன்ஹவுஸ் இல்லைன்னா இவங்களை யாருக்குத் தெரியும்?" இதற்குக் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் பிரிட்டிஷ் பாடகி ஏமியை எனக்கும் பிடிக்கும். 2006இல் வந்த ஏமியின் 'பேக் டு பிளாக்' ஆல்பத்தில் பாதிப் பாட்டுக்கு வாசித்தவர்கள் டாப்-கிங்ஸ். ஷரோனின் பேண்ட். தயாரிப்பாளர் மார்க் ரான்சன் அந்த சத்தம் வேண்டும் என்றுதான் அவர்களைத் தேடிப் போனார். அந்த சத்தத்தை அதற்கு முன்பே பல வருஷமாக ஷரோனோடு மேடை மேடையாக வாசித்து அவர்கள் உருவாக்கியிருந்தார்கள். ஆல்பம் உலகம் முழுக்க விற்றது, ஏமிக்கு ஒரே இரவில் ஐந்து கிராமி. அந்தப் புகழில் கொஞ்சம் வெளிச்சம் ஷரோன் மேலும் விழுந்தது, உண்மைதான். ஆனால் யாருடைய வீட்டு விளக்கு அது? ஷரோனுக்கு கிராமிப் பரிந்துரையே 58 வயதில்தான் வந்தது, ஒரே ஒரு தடவை, அதுவும் கிடைக்கவில்லை. ஏமி மேல் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. அந்தப் பெண் பட்டது போதும். ஆனால் ஷரோனை அவருடைய அடிக்குறிப்பாக எழுதினால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

"அவங்க பண்ணினது 60கள் இசையின் நகல்தானே" என்பதற்கு என்னிடம் ஒரு வரிதான் இருக்கிறது. அந்த இசையில் பிறந்து வளர்ந்தவர் பாடினால் அதற்குப் பெயர் நகல் இல்லை. 'நேச்சுரலி' ஆல்பத்தில், அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் உடி கத்ரியின் 'திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்' பாட்டை அவர் பாடியிருப்பதைக் கேளுங்கள். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் சந்தோஷமாகப் பாடுகிற பாட்டு. இவர் பாடும்போது "இந்த நிலம் யாருடையது" என்று மிரட்டிக் கேட்பது போல இருக்கும்.

அப்புறம் ஷரோனின் '100 டேஸ், 100 நைட்ஸ்' பாட்டு. பாட்டு ஒரு நடையில் போய்க்கொண்டே இருக்கும். நடுவில் ஷரோன், கொஞ்சம் நிதானமாகப் போகிறேன் என்று பாட்டுக்குள்ளேயே சொல்வார். சொன்ன மாத்திரத்தில் டிரம்ஸ், பேஸ், ஊதுகருவிகள் எல்லாம் அவர் கூடவே வேகத்தைக் குறைக்கும். அத்தனை பேரையும் குரலாலேயே பிடித்து நிறுத்துகிற ஒருவரை "பின்னாடி நில்லு" என்று சொல்லியிருக்கிறார்கள். மேடையில் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலில் ஆடுவார். அந்த வீடியோக்களைப் பாருங்கள், பொறுமை எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டுங்கள். அது பொறுமைசாலியின் ஆட்டமே இல்லை.

இப்போது அந்த மொட்டைத் தலைக்கு வருகிறேன். 2013இல் கணையத்தில் புற்றுநோய். பெரிய அறுவை, அப்புறம் கீமோ. தயாராக இருந்த ஆல்பம் தள்ளிப்போய் 2014 ஜனவரியில் வந்தது. கீமோவில் முடி போன தலையோடு, விக் வைக்காமல், வீடியோவில் பாடினார், மேடையிலும் ஏறினார். 2015இல் தன்னைப் பற்றிய ஆவணப்படம் டொரன்டோ விழாவில் திரையிடப்பட்டபோது, நோய் திரும்பிவிட்டதையும் அவரே சொன்னார். அப்புறமும் ஊர் ஊராகப் போய்ப் பாடினார். அந்தத் தலை அவர் மறைக்க மறுத்த தலை. தோற்றத்தைச் சொல்லி 20 வருஷம் விரட்டினவர்களுக்கு முன்னால் அப்படியே வந்து நின்றார். அதை எடுத்து "பொறுமையாக இரு" என்ற வாசகத்துக்கு மேலே ஒட்டியதுதான் என்னால் தாங்க முடியாதது.

"அவங்களே சந்தோஷமா இருந்தாங்க, உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்டவருக்கு: அவர் சந்தோஷமாக இருந்தார், ஆமாம். சந்தோஷமாக இருந்ததோடு தன்னை என்ன சொல்லி விரட்டினார்கள் என்பதையும் பேட்டிக்குப் பேட்டி சொல்லிக்கொண்டே இருந்தார், மறைக்கவில்லை. நீங்கள் அதில் பாதியை எடுத்துக்கொண்டு பாதியை விட்டுவிட்டீர்கள். விட்ட பாதியைத்தான் நான் எழுதினேன். அதற்குத்தான் "நெகட்டிவ்" என்று பட்டம்.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் 2005இல் வந்த 'நேச்சுரலி'யிலிருந்து ஆரம்பியுங்கள். அப்புறம் 2007, 2010 ஆல்பங்கள். அவர் இறந்து ஒரு வருஷம் கழித்து, 2017இல் வந்த 'சோல் ஆஃப் எ வுமன்' கடைசியில் இருக்கட்டும். அதை முதலில் கேட்டால் நோயாளியாகத்தான் கேட்பீர்கள், பாடகியாகக் கேட்க மாட்டீர்கள்.