பல்லவிக்கு வந்த நேரத்தில் பொன்னாடை

புதன்கிழமை நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஓர் இசைக் கல்லூரி விழாவில், தாமதமாக வந்த சிறப்பு விருந்தினருக்காக ஒரு மாணவியின் கச்சேரியைப் பாதியில் முடிக்க வைத்தார்கள். வீடியோவை எல்லாரும் பார்த்தாகிவிட்டது. கட்சி பிரித்துச் சண்டையும் போட்டாகிவிட்டது. ஆனால் நேற்று இரவு ஒரு மூத்த ரசிகர், நான் மதிக்கிறவர், இப்படி எழுதியிருந்தார்: "பெரிய மனுஷர் இருக்கிற வேலையெல்லாம் விட்டுட்டு வந்திருக்கார். பத்து நிமிஷம் முன்னாடி பாட்டை முடிச்சா குடியா முழுகிடும்?"

குடி முழுகாது சார். பல்லவிதான் முழுகியது.

கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் தங்கள் ஊர்க் கல்லூரி என்று வைத்துக்கொண்டாலும் பெரிய தப்பு வந்துவிடாது, அதுதான் வருத்தமே.

வீடியோ இரண்டரை நிமிடம்தான் ஓடுகிறது. நான் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். அந்தப் பெண் மூன்றாம் ஆண்டு வாய்ப்பாட்டு. ஆளுக்கு முக்கால் மணி நேரம் என்று ஒதுக்கியிருந்தார்கள். வர்ணம், ஒரு சின்னக் கீர்த்தனை, பிறகு தோடி ராகத்தில் ராகம், தானம், பல்லவி. கச்சேரியின் பெரிய உருப்படி அதுதான். முதலில் கொஞ்சம் பயந்து பயந்துதான் பாடினாள். மேல் ஸ்தாயிக் காந்தார ஸ்வரத்தில் போய் நின்றாள் பாருங்கள், முன்வரிசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த அவளுடைய ஆசிரியை கையை அப்படியே மடியில் வைத்துவிட்டார். வயலின் வாசித்த பையனும் மாணவன்தான். அவள் விட்ட இடத்திலிருந்து அழகாக எடுத்தான். தானம் ஆரம்பித்தது. அப்போதுதான் வாசலில் கார் வந்தது.

நான்கு மணிக்கு வர வேண்டியவர், ஐந்தேகாலுக்கு வருகிறார். மேடையின் ஓரத்தில் ஒருவர் வந்து நின்று ஆள்காட்டி விரலைக் காற்றில் சுற்றிக் காட்டினார். சீக்கிரம் முடி என்று அர்த்தம். அவள் தானத்தைச் சுருக்கினாள். பல்லவியை எடுத்து ஒரே ஒரு சுற்று பாடினாள். மறுபடியும் விரல் சுற்றியது. பல்லவியை மூன்று காலத்தில் பாடும் திரிகாலம் இல்லை, ஸ்வரம் இல்லை, மிருதங்கக்காரப் பையன் தனியாக வாசிக்க வேண்டிய தனி ஆவர்த்தனம் இல்லை. தோடியிலிருந்து நேராக சௌராஷ்டிர ராகத்துக்குப் போய், கச்சேரியை முடிக்கும் மங்களம் பாடினாள். கேட்கிற காதுக்கே வலித்தது. பாடுகிற தொண்டைக்கு எப்படி இருந்திருக்கும்?

அப்புறம் வரவேற்புரை. பொன்னாடை. நினைவுப் பரிசு. வாழ்த்துரை. இசை தெய்வீகமானது என்று அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். தெய்வீகத்துக்கு அரை மணி நேரம் ஆனது. அடுத்து வாசிக்க வேண்டிய பெண் வீணையை மடியில் வைத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் காத்திருந்தாள். அவள் மேடைக்கு வந்து மறுபடி சுருதி சேர்க்க ஆரம்பிக்கும்போது விருந்தினர் கிளம்பிவிட்டார். அவரோடு அரங்கத்தில் பாதியும் கிளம்பிவிட்டது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மாணவர் கச்சேரி மாணவருக்கானது. விருந்தினருக்கானது அல்ல, நிர்வாகத்துக்கானது அல்ல, என்னைப் போல ஓசியில் கேட்க வருகிறவர்களுக்கானதும் அல்ல. அந்த முக்கால் மணி நேரம் அந்தப் பிள்ளை மூன்று வருடம் படித்துச் சம்பாதித்தது. அதிலிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க யாருக்கும் உரிமை கிடையாது.

இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

1949-இல் சென்னையில் அரசு இசைக் கல்லூரி தொடங்கியபோது முதல்வராக யாரை உட்கார வைத்தார்கள்? முசிறி சுப்பிரமணிய ஐயரை. கச்சேரி மேடையில் கொடிகட்டிப் பறந்தவர். வெறும் பாடத்திட்டம் போதும் என்றால் நல்ல வாத்தியார் ஒருவரைத் தேடிப் பிடித்திருக்கலாமே. அங்கேயே பாடகி டி. பிருந்தா போன்றவர்களும் சொல்லிக்கொடுத்தார்கள். பாட்டை வகுப்பறையில் கற்றுக்கொள்ளலாம். கச்சேரியை மேடையில்தான் கற்றுக்கொள்ள முடியும். எந்த ராகத்துக்கு எவ்வளவு நேரம், தொண்டை கட்டினால் எப்படிச் சமாளிப்பது, வயலின்காரர் எதிர்பாராத இடத்துக்குப் போனால் என்ன செய்வது, இதற்கெல்லாம் நோட்டுப் புத்தகம் கிடையாது.

இதே முசிறி சம்பந்தப்பட்ட கதைதான் பாடகர் ஜி.என்.பி.யின் (ஜி.என். பாலசுப்பிரமணியம்) முதல் கச்சேரியும். 1928, மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் வசந்த உற்சவம். முசிறி பாட வேண்டிய இடத்தில் அவர் வர முடியாமல் போக, பதினெட்டு வயசுப் பையனை உட்கார வைத்தார்கள். அன்றைக்கு யாரும் ஓரத்தில் நின்று விரலைச் சுற்றியிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

நாடகத்திலும் அதுதானே? நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் சின்னப் பையன்களைச் சேர்த்து நாடக சபை நடத்தினார். பின்னால் நாடக மேடையில் பெயர் பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக அங்கேதான் போய்ச் சேர்ந்தார்கள். டிக்கெட் வாங்கி வந்த ஜனங்களுக்கு முன்னால் நின்று நின்றே அந்தப் பிள்ளைகள் நடிகர்களானார்கள். அந்தக் கம்பெனிகளில் அடி உதை இருந்தது, சோற்றுக்குக் கஷ்டம் இருந்தது, அதை நான் கொண்டாடவில்லை. ஆனால் மேடை ஏறினால் மேடை அவர்களுடையது.

நாடகம் என்றதும் நினைவு வருகிறது. இதே கல்லூரியில், இதே விழாவில், போன வாரம் நாடகத் துறைப் பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். அதற்கு வீடியோ கிடையாது, அதனால் யாருக்கும் தெரியாது. முதல் காட்சி முழு இருட்டில் தொடங்க வேண்டும். மேடை நடுவில் ஒரு பிணம். மெதுவாக ஒரு விளக்கு மட்டும் வரும். ஆரம்பித்து மூன்று நிமிடத்தில் அன்றைய விருந்தினர் வந்தார். அவர் தடுக்கி விழுந்துவிடக் கூடாது என்று அரங்கத்தின் டியூப்லைட் அத்தனையும் போட்டார்கள். அப்படியே மேடையில் ஏற்றி மைக்கையும் கொடுத்துவிட்டார்கள். பிணமாகப் படுத்திருந்த பையனுக்கு எழுந்திருப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. வரவேற்புரை முழுக்க அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்தே கிடந்தான். யாரோ ஒருவர் பொன்னாடை வைத்திருந்த துணிக்கடைப் பையை அவன் கால்மாட்டில் வைத்துவிட்டுப் போனார். நான் சிரித்தேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் சிரிக்கவில்லை. பையனுடைய அம்மாவாக இருக்கலாம்.

சொல்லப்போனால் அன்றைக்கு மேடையில் தொழில் தெரிந்து நடந்துகொண்ட ஒரே ஆள் அந்தப் பிணம்தான்.

இனி, வரப்போகும் கமெண்டுகளுக்கு.

"விருந்தினர் வந்தால்தான் கல்லூரிக்கு நாலு பேர் உதவி செய்வார்கள், பேப்பரில் செய்தி வரும்." சரி. இதை நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை. ஒலிபெருக்கிக்கு, பந்தலுக்கு, வெளியூர்ப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு எல்லாம் பணம் வேண்டும். அந்தப் பணத்துக்காகத் துறைத் தலைவர்கள் படும் பாடு எனக்கும் தெரியும். விருந்தினரைக் கூப்பிடுங்கள். தாராளமாகப் பொன்னாடை போர்த்துங்கள். ஆனால் அதற்கு நிகழ்ச்சி நிரலில் ஒரு இடம் இருக்கிறதல்லவா? வந்தவர் தாமதமாக வந்தால் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்து, "ஐயா, பிள்ளை பாடிக்கொண்டிருக்கிறாள், முடிந்ததும் மேடைக்கு அழைக்கிறோம்" என்று சொன்னால் அவர் கோபித்துக்கொள்வாரா? உண்மையான பெரிய மனுஷர் என்றால் சந்தோஷமாக உட்கார்ந்திருப்பார். என்னைக் கேட்டால் புதன்கிழமை வந்தவர் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. அவருக்கு அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்றே தெரிந்திருக்காது. விரலைச் சுற்றியவருக்குத் தெரியும். அவரும் ஒரு காலத்தில் இதே மேடையில் பாடியவர்தான்.

"சபாவிலும் இப்படித்தான், பழகிக்கொள்ளட்டும்." இல்லை, சபாவில் இப்படி இல்லை. மார்கழியில் மத்தியான ஸ்லாட்டில் இருபது பேருக்குப் பாடுகிற இளைஞர்களின் கஷ்டம் வேறு. உள்ளே இருப்பதைவிடக் கேன்டீனில் கூட்டம் அதிகமாக இருக்கும், தூங்குகிறவர்கள் இருப்பார்கள். ஆனால் அவர்களுக்குக் கொடுத்த நேரம் பெரும்பாலும் அவர்களுக்குத்தான். பாடுகிறவர் நேரத்தைத் தாண்டினால்தான் திரை இறங்கும். இங்கே நேரத்தைத் தாண்டியது யார்?

"அந்தப் பெண்ணே ஒன்றும் சொல்லவில்லை, உனக்கு ஏன்?" அடுத்த மாதம் அவளுக்குச் செய்முறைத் தேர்வு. மார்க் போடுவது யார் என்று யோசித்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

"உனக்கு மேடை கிடைக்காத வயிற்றெரிச்சல்." ஆமாம், இருக்கட்டும்.

வயிற்றெரிச்சல் என்றதால் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் மாலைநேர வகுப்பில் நான் பாட்டுப் படித்தேன், வேறொரு கல்லூரியில். என்னோடு மிருதங்கம் படித்த ஒரு பையன் இருந்தான். அப்பா தச்சு வேலை. வீட்டில் வாசித்தால் பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருவார்கள் என்று கல்லூரி மரத்தடியில்தான் சாதகம். இறுதியாண்டுக் கச்சேரியில் பாட்டுக்காரருக்கு நான்கு உருப்படி இருக்கும், மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனம் ஒன்றுதான். அது அவனுடைய நேரம். கண்ட நடையில், அதாவது ஐந்தைந்தாக எண்ணும் நடையில், ஒரு கோர்வை அமைத்திருந்தான், தனியை முடிக்கிற தாளக் கணக்கு, சொந்தமாக. கணக்கை என்னிடம் காகிதத்தில் எழுதிக் காட்டுவான், எனக்குப் பாதி புரியாது. அன்றைக்கும் இதே கதைதான். யாரோ வந்தார்கள், "தனி வேண்டாம்" என்று சைகை வந்தது. மிருதங்கத்துக்கு உறை போட்டுக்கொண்டு இறங்கிவிட்டான். இரவு வாசலில் இருந்த டீக்கடையில், பிஸ்கட் பாட்டில் வைக்கும் மரப்பலகை மேல், விரலாலேயே அந்தக் கோர்வை முழுவதையும் வாசித்துக் காட்டினான். எங்கள் நாலு பேருக்கு. தாளம் தொடங்கும் சமத்தில் சரியாக வந்து விழுந்தது. டீ மாஸ்டர் "பலே" என்றார். அதுதான் அவனுக்குக் கிடைத்த வாழ்த்துரை.

இப்போது அவன் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறான். நன்றாக இருக்கிறான். மிருதங்கத்தை விட்டதற்கு அந்த ஒரு நாள்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், அவனும் சொல்லமாட்டான். ஆனால் புதன்கிழமை வீடியோவை அவனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்பதற்கு நீல டிக் வந்தது. பதில் வரவில்லை.

ஒரு சந்தேகம் கேட்கிறேன், யாரும் கோபப்படாதீர்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளின் அரங்கேற்றத்துக்குப் போயிருப்பீர்கள். மண்டபம், மேடை அலங்காரம், மூன்று கேமரா, பெயர் பெற்ற பக்கவாத்தியம், வருகிறவர்களுக்கு டிபன். அங்கேயும் சிறப்பு விருந்தினர் வருகிறார், அங்கேயும் தாமதமாகத்தான் வருகிறார். அங்கே யாராவது ஓரத்தில் நின்று அந்தப் பிள்ளைக்கு விரலைச் சுற்றிக் காட்டிப் பார்த்திருக்கிறீர்களா? காட்டிவிட முடியுமா? அப்பா செலவு செய்திருக்கிறார். அந்த நேரத்துக்கு விலை இருக்கிறது.

அரசு இசைப் பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கிற பிள்ளைகள் யார்? கோயில் நாகஸ்வரக்காரர் மகன், தவில்காரர் பேரன், தேவார வகுப்பில் சேர்ந்த கிராமத்துப் பிள்ளை, தனி ஆசிரியருக்கு மாதா மாதம் கொடுக்க முடியாத வீட்டுப் பெண். அவர்களுக்கு இதுதான் அரங்கேற்றம். கேமரா கிடையாது, அண்ணன் கையில் ஒரு போன். புதன்கிழமை அந்தப் பெண்ணின் அப்பா கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். உட்கார இடம் இருந்தும் நின்றார். அழைப்பிதழை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அந்த அழைப்பிதழைத்தான் நானும் வைத்திருக்கிறேன். முன்பக்கம் முழுக்க விருந்தினர் பெயர், பட்டம், பதவி, அவர் வகித்த முன்னாள் பதவி. உள்ளே "வாய்ப்பாட்டு: மூன்றாம் ஆண்டு மாணவியர்". அவ்வளவுதான். பெயர் போட இடமில்லை. பின்பக்கம் முழுசாகக் காலியாக இருக்கிறது, போட்டோ கமெண்டில் போடுகிறேன்.

இலவசம் என்பதால் அவர்கள் நேரமும் இலவசம் என்று நினைத்துவிட்டீர்கள். இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாணவர் கச்சேரி மாணவருக்கானது. இதற்கு மேல் இதை எப்படிச் சொல்வது?

"இதைப் பொதுவில் எழுதிக் கல்லூரி மானத்தை வாங்காதே, முதல்வரிடம் நேரில் போய்ச் சொல்" என்று நான் இருக்கும் ஒரு குழுவில் ஓர் அக்கா சொன்னார். வியாழக்கிழமையே போனேன், அக்கா. அரை மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிறகு, ஐயா கூட்டத்தில் இருக்கிறார், எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். நீங்கள் உட்பட அந்தக் குழுவில் இத்தனை பேர் இருக்கிறோமே, இன்னொரு கையெழுத்து கிடைத்ததா? எல்லாரும் கும்பிடுகிற எமோஜி போட்டீர்கள்.

அதில் நான் கேட்டது மன்னிப்பு அல்ல, விசாரணை அல்ல. விழா இன்னும் பத்து நாள் ஓடுகிறது. அந்தப் பெண்ணுக்கும், வயலின், மிருதங்கம் வாசித்த இரண்டு பையன்களுக்கும் இன்னொரு நாள் சாயங்காலம் முக்கால் மணி நேரம் கொடுங்கள். பல்லவியை முழுசாகப் பாடட்டும். தனி வாசிக்கட்டும். பெயரைப் போட்டு ஒரு பக்க நோட்டீஸ் அடியுங்கள், அச்சுச் செலவை நான் தருகிறேன். விருந்தினர் வேண்டுமென்றால் புதன்கிழமை வந்தவரையே கூப்பிடுங்கள். நான்கு மணி என்று அழைப்பிதழில் போட்டுவிட்டுக் கச்சேரியை ஆறு மணிக்கு வைத்தால் சரியாக வந்துவிடுவார்.