அக்கா, அந்தப் பணத்தைக் கட்டாதே

தண்டையார்பேட்டையில் இருக்கும் அக்கா நேற்று ராத்திரி ஒரு நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "தம்பி, பையனை இதுல சேத்துடவா?" என்று கேட்டாள். கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் புத்தகம் படிக்கிற படம். மிட்பிரெய்ன் ஆக்டிவேஷனாம், அதாவது நடுமூளையை முடுக்கிவிடுகிற பயிற்சியாம். மூளையின் சாம்பல் நிறப் பகுதியையும் வளர்த்துத் தருவார்களாம். 2 நாளைக்கு 12,000 ரூபாய். மாமா ஆட்டோ ஓட்டுகிறார். அது அவருடைய அரை மாசச் சம்பாத்தியம்.

மிட்பிரெய்ன் என்பது நடுமூளை. மூளைத்தண்டின் உச்சியில், 2 சென்டிமீட்டர் அளவுக்கு இருக்கும். கண்ணை உருட்டவும், திடீர்ச் சத்தத்துக்குத் திரும்பவும், விழித்திருக்கவும் அது வேண்டும். பையன் காலையில் எழுந்து பல் தேய்க்கிறான் என்றாலே அது ஓடிக்கொண்டிருக்கிறது. இவர்கள் வேறு எதை முடுக்கிவிடப் போகிறார்கள்? கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கிற வித்தைக்கு, துணிக்கும் மூக்குக்கும் நடுவே இருக்கிற சந்தே போதும், அது வழியாக எட்டிப் பார்த்துவிடலாம்.

சரி, சாம்பல் பகுதி? கறிக்கடையில் ஆட்டு மூளை வாங்கி நறுக்கிப் பாருங்கள். ஓரமாக மங்கலான பட்டை, உள்ளே வெள்ளை. நமக்கும் அப்படித்தான். அந்தப் பட்டைதான் இவர்கள் சொல்கிற சாம்பல் பகுதி, கனம் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். நரம்பு செல்களின் உடல்கள் அங்கே இருக்கின்றன. உள்ளே இருக்கும் வெள்ளை, அவற்றை இணைக்கும் வயரிங். (உயிரோடு இருக்கும்போது சாம்பல் நிறமே கிடையாது, லேசாக ரோஜா கலந்த பழுப்பு. ஃபார்மலினில் போட்டால்தான் சாம்பல்.)

இதில் வேடிக்கை, வளரும் பருவத்தில் அந்தப் பட்டை மெலிகிறது. புழங்காத இணைப்புகளை மூளையே கழித்துக் கட்டுகிறது, புழங்குகிற வயர்களுக்கு உறை கனக்கிறது. பையனுக்கு 13 வயசு. அவன் மூளை கழிக்கிற நேரத்தில் இவர்கள் கூட்டித் தருகிறார்களாம்!

பயிற்சியால் மூளை மாறவே மாறாதா என்று கேட்பீர்கள். 2000ஆம் ஆண்டு லண்டன் டாக்சி ஓட்டுநர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். வழிகளை நினைவில் வைக்கும் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. ஆனால் முன்பகுதி சிறிது, மொத்த அளவு அதேதான். அதுவும் வருஷக்கணக்கில் தெருத்தெருவாகச் சுற்றியவர்களுக்கு. கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தால் எந்தச் சந்தில் புகுந்து எங்கே ஏறலாம் என்று மாமா யோசிக்கவே மாட்டார், வண்டி தானாகத் திரும்பும். அவரை யாரும் ஸ்கேன் செய்யவில்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் காலையில் அக்காவிடம் போனில் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, முன்பணம் 500 நேற்றே ஜிபேயில் போட்டுவிட்டதாகச் சொன்னாள். மாமாவிடம் சொல்ல வேண்டாமாம். அவர் முகநூலில் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.